செருப்பைக் கழற்றி வைத்த வரி: தொடர்கதையின் முடிவை ஊகிக்கும் வாசகரும் எழுதுகிறவரும்

குடியாத்தத்தில் என் சின்னம்மா வீட்டுத் திண்ணையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாறு பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காருவார்கள். ஈரத்துணியில் பொதிந்து வைத்த இலையை அளவாகக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டி, 25 பீடிகளாக அடுக்குகிற அந்த வேலைக்குக் கையும் கண்ணும் வேண்டும். காது சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்காகவே பள்ளி விடுமுறை நாள்களில் என்னை நடுவில் உட்கார வைத்து, வார இதழில் வரும் தொடர்கதையை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். ஒரு வாரம் கதாநாயகன் மலைச் சரிவில் உருண்டு விழுந்ததோடு அத்தியாயம் முடிந்து, கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது.

“செத்துட்டானாக்கா?” என்று ஒரு பெண் கேட்டதற்குச் சின்னம்மா தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்: “இன்னாடி பேசற? அவன் செத்துட்டா அடுத்த வாரம் இன்னாத்த எழுதுவாங்கோ? சாவமாட்டான். அந்தக் கணக்குப்புள்ள தள்ளி உட்டிருப்பான், பாரேன்.” கணக்குப்பிள்ளை கதையில் மிக நல்லவராக வந்துகொண்டிருந்தவர். அவர் எப்படி என்று கேட்டதற்கு, “மூணு வாரத்துக்கு முன்னால செருப்பக் கழட்டி வச்சிட்டு மலை மேல போனான்னு எழுதியிருந்துச்சே, எதுக்கு அத எழுதணும்?” என்றார். இன்னொரு பெண், “யார் தள்ளினா இன்னாக்கா, அவனும் அவளும் சேரணும், அதான் எனக்கு” என்றாள்.

தொடராக வரும் கதையை வாசகர்கள் எப்படியெல்லாம் ஊகிக்கிறார்கள் என்பது அந்தச் சில வாக்கியங்களுக்குள் ஏறக்குறைய முழுமையாக அடங்கியிருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கதாநாயகன் சாகமாட்டான் என்பது கதையின் அமைப்பிலிருந்து வரும் ஊகம். தொடர் இன்னும் ஓட வேண்டும் என்ற ஒரு கணக்கே அதற்குப் போதும். தள்ளியவர் கணக்குப்பிள்ளை என்பது, எழுதியவர் போட்டு வைத்த தடயத்தைக் கூர்ந்து படித்ததனால் வரும் ஊகம். இருவரும் சேர வேண்டும் என்பது ஊகத்தின் உடையை அணிந்து வரும் ஆசை. எழுத்தாளருக்கு வரும் கடிதங்களில் இந்த மூன்றும் ஒரே குரலில் கலந்துதான் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் தர வேண்டிய மரியாதை வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தவறியவர்களே தங்கள் கதையைக் கெடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

முழுப் புத்தகமாக வரும் கதையில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. சந்தேகம் வந்த வாசகர் பக்கத்தைப் புரட்டி விடையைத் தெரிந்துகொள்வார். தொடர்கதையில் இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே ஒரு வாரமோ ஒரு மாதமோ, சில வேளைகளில் பல ஆண்டுகளோ இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் வாசகர் வெறுமனே காத்திருப்பதில்லை. படித்ததைத் திரும்ப நினைக்கிறார், பக்கத்து வீட்டில் பேசுகிறார், தாமே மிச்சக் கதையைக் கட்டிப் பார்க்கிறார். எழுதுகிறவர் ஒருவர், யோசிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அத்தனை பேரில் யாராவது ஒருவர் சரியான விடையைத் தொட்டுவிடுவது தவிர்க்க முடியாதது. ஆகவே ‘யாரோ கண்டுபிடித்துவிட்டார்’ என்பதை எழுத்தாளரின் தோல்வியாகக் கொள்வதற்கு நியாயமே இல்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு முடிவு இருந்தால், அதற்கான தடயங்களை அவர் வைக்கவே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இதற்கு மிகப் பழைய உதாரணம் 1841-இல் நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் ‘பார்னபி ரட்ஜ்’ என்ற கதையை லண்டனில் வாரத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வீட்டில் நடந்த கொலையைச் சுற்றிப் பின்னிய கதை அது. தொடர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த அந்த ஆண்டு மே முதல் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எட்கர் ஆலன் போ ஒரு பத்திரிகையில் மதிப்புரை எழுதி, கொலையாளி யார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கொலையுண்டதாக எல்லோரும் நம்பிய வேலைக்காரரே, அதாவது பார்னபியின் தந்தையே, குற்றவாளி என்பது அவர் கணிப்பு. அது சரியாகவே இருந்தது; டிக்கன்ஸும் தம் வழியிலேயே தொடரை நடத்தி முடித்தார்.

போ அடுத்த ஆண்டு எழுதிய விரிவான மதிப்புரைதான் நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமானது. மர்மத்தின் விடையைத் தெரிந்துகொண்ட பிறகு அதே கதையை மறுபடி படிக்கும் வாசகருக்கு, முதல் வாசிப்பில் கவனிக்காமல் விட்ட குறிப்புகளெல்லாம் எல்லாத் திசையிலும் நட்சத்திரங்களைப் போலச் சுடர்விட்டுக் கதைக்குப் பல மடங்கு ஒளி தரும் என்று அவர் அதில் எழுதினார். தாமே துப்பறியும் கதைகளுக்கு வழி போட்ட ஒருவர் இப்படிச் சொன்னதை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். மர்மத்தின் மதிப்பு மறைத்து வைப்பதில் மட்டும் இருந்தால், விடை தெரிந்த கணத்தில் கதை செத்துவிட வேண்டும். நல்ல தொடர்கதைகளை மக்கள் பைண்டு செய்து வைத்துக்கொண்டு ஐந்தாம் முறையாகப் படிப்பது எதற்காக என்ற கேள்விக்கும் அப்போது பதில் இருக்காது.

ஊகம் சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் பாதையை மாற்றிக்கொள்வது எழுத்தாளருக்கு எழும் முதல் ஆசை. அது ஏன் கூடாது என்பதைக் குடியாத்தத்துக்காரர்களுக்கு விளக்கத் தறியே போதும். கைலி நெய்கிறவர் நீளவாட்டு நூலான பாவை ஓட்டித் தறியில் பூட்டிய பிறகு, குறுக்கு நூலான ஊடையின் நிறத்தை மாற்றலாம்; பாவில் ஓடிவிட்ட கோட்டை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் அறுத்துவிட்டுப் புதிதாகத்தான் ஓட்ட வேண்டும். தொடர்கதையில் ஏற்கெனவே அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்ட அத்தியாயங்கள் பாவைப் போன்றவை. முடிவை மட்டும் கடைசியில் மாற்றினால், முன்னால் வைத்த தடயங்கள் எல்லாம் பொருளற்றுத் தொங்கும். 1991-இல் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் ‘ஆர்மகெடான் 2001’ என்ற தொடரில் இதைத்தான் செய்தது. நாயகர்களில் ஒருவனே வருங்காலத்தில் கொடுங்கோலனாக மாறுகிறான், அவன் யார் என்பதுதான் அந்தத் தொடரின் புதிர். கேப்டன் ஆட்டம் என்ற பாத்திரம்தான் அவன் என்று அவர்கள் திட்டமிட்டிருந்த செய்தி முன்கூட்டியே கசிந்து ரசிகர்களிடையே பரவியது. உடனே கடைசி நேரத்தில் ஹாக் என்ற வேறொரு பாத்திரத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். முன் இதழ்களில் சொன்னவற்றோடு அது ஒட்டவில்லை; கவனமாகப் படித்து வந்தவர்களே மிகுதியாக மனம் நொந்தார்கள். கசிந்த செய்தியை அறியாத வாசகருக்கும் சேர்த்துக் கதை கெட்டதுதான் கண்ட பலன்.

1996-இல் தொடங்கிய தம் நெடுங்கதை வரிசையை இன்னும் முடிக்காமல் எழுதிவரும் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்கும் இதே நெருக்கடி வந்தது. மிக நுட்பமாகப் புதைத்து வைத்த குறிப்புகளைச் சேர்த்துச் சில வாசகர்கள் சரியான விடையை அடைந்துவிட்டதைக் கண்டு, மாற்றலாமா என்று தம்மோடு தாமே போராடியதாகவும், குறிப்புகள் ஏற்கெனவே நூலில் இருக்கும்போது மாற்றுவது பேரழிவாக முடியும் என்று தெளிந்ததாகவும் அவர் 2014-இல் எடின்பரோ புத்தகத் திருவிழாவில் சொன்னார். அவருடைய கதையைத் தொலைக்காட்சிக்கு எடுக்க வந்த இருவரிடம், ஜான் ஸ்னோ என்ற பாத்திரத்தின் தாய் யார் என்று அவர் கேட்டதும், அவர்கள் சரியாகச் சொன்னதும் பலரும் அறிந்த செய்தி. அங்கே சரியான ஊகம் தேர்வில் தேறியதற்கு அடையாளமாயிற்று. கூர்ந்து படித்தவரைத் தண்டிக்கக் கூடாது என்ற அந்த நிலைப்பாட்டோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

மறைத்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வேறு உத்திகளைக் கையாண்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1980 மார்ச் மாதம் ‘டல்லாஸ்’ தொடரின் ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யாரோ சுட்டதோடு அந்தப் பருவம் முடிந்தது. யார் சுட்டது என்பதற்கு நவம்பர் 21 வரை நாடே காத்திருந்தது. ரகசியம் படப்பிடிப்பிலிருந்து கசிந்துவிடாமல் இருக்க, பல நடிகர்கள் தனித்தனியே சுடுவதுபோல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது கசிவைத் தடுக்கும் வேலை; ஊகத்தைத் தடுக்கும் வேலை இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசகரின் ஊகத்தைப் படிக்கவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்க்க இது அகங்காரமாகத் தோன்றும். காரணம் பெரும்பாலும் சட்டம். 1990-களில் ஒளிபரப்பான ‘பாபிலோன் 5’ தொடரின் ஆசிரியர் ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி ரசிகர்களோடு இணையத்தில் நேரடியாகப் பேசி வந்தவர். ஒருநாள் ஒரு ரசிகர் முன்வைத்த கதைக்கரு, அவர் எழுதத் திட்டமிட்டிருந்த அத்தியாயத்தோடு ஒத்துப்போனது. பிறகு அதை எழுதினால் திருடியதாக வழக்கு வரலாம் என்பதால் அந்த அத்தியாயத்தை ஒதுக்கி வைத்து, அந்த ரசிகரிடமிருந்து உரிமை விட்டுக்கொடுக்கும் ஒப்பம் வாங்கிய பிறகே எடுத்தார். ஊகித்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு கதையைப் பல மாதங்கள் நிறுத்தி வைக்கும் வலிமை பெற்றுவிட்டது. ரசிகர் கடிதங்களில் கதைக்கருக்கள் இருந்தால் உதவியாளர்களே பிரித்து எடுத்துவிடும் ஏற்பாட்டைப் பல எழுத்தாளர்கள் வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஆசையாக வரும் ஊகத்துக்கு வருவோம். கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழச் செய்து கதையை முடித்தார். அவர் விழுந்ததை வாட்சன் நேரில் பார்க்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிழைத்திருப்பார் என்று நம்ப விரும்பியவர்களுக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது. 1903-இல் டாயில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது நுழைந்ததும் அதே இடைவெளியின் வழியாகத்தான். வாசகரின் ஆசைக்கு அவர் இணங்கினார் என்பது உண்மை. ஆனாலும் தாம் எழுதிய எந்த வரியையும் பொய்யாக்காமல் இணங்கினார். ஆசைக்கு இணங்குவதும் இணங்காததும் எழுதுகிறவரின் உரிமை. முன்னால் எழுதியதைப் பொய்யாக்குவது அவர் உரிமையில் சேராது.

தமிழில் இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனவர் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி ஏமாந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவைப் பற்றி வாசகர்கள் பெரும் விவாதம் நடத்தினார்கள். எந்தத் தாய் இப்படி நடந்துகொள்வாள், ஊரைக் கூட்டியிருக்க மாட்டாளா என்று கேட்டார்கள். ஜெயகாந்தன் தம் சிறுகதையை மாற்றவில்லை. வாசகர்கள் சொன்னபடியே தாய் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலைத் தொடராக எழுதினார். அந்த நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார்; தாய் மன்னிப்பதாக அவர் எழுதிய கதையை, நாவலின் நாயகியான கங்கா ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். தன் தாய் அப்படிச் செய்திருக்கலாமே என்ற அவளுடைய வேதனையில், எழுத்தாளரும் வாசகரும் நடத்திய வழக்கு முழுவதும் கதைக்கு உள்ளேயே வந்து நின்றுவிடுகிறது. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. வாசகரின் மாற்று முடிவை மறுக்காமலும் அதற்குப் பணியாமலும், அதன் விலை என்ன என்று எழுதிக் காட்டிய இந்தச் செயலுக்கு நிகராக எனக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

வாசகருக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கும் கதையை எழுதுகிறவர் என்ன செய்வார்? கல்கி 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதியபோது இருந்த நிலைமை இதுதான். அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறப்போகிறார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அது கல்லிலேயே இருக்கிறது. பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த தம் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது நினைவுக் கோயிலாக, இராசராசன் எடுத்த சோழேசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில்தான் 949-இல் சோழ இளவரசன் இராசாதித்தன் போரில் மாண்டான். அந்தச் சாவுக்குப் பின் சோழ வாரிசுரிமையில் விழுந்த சிக்கலே கதையின் விதை. கதையை நடத்திச் செல்லும் வந்தியத்தேவனைக் கல்கி வாணர் குலத்தவனாக, வாணகப்பாடி நாட்டுத் திருவல்லத்தைச் சேர்ந்தவனாக ஆக்கினார். காட்பாடியிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் போகிறவர்கள் அந்தத் திருவல்லத்தைக் கடந்துதான் போகிறார்கள். பொன்னை ஆற்றங்கரையில் வில்வநாதேசுவரர் கோயிலும் வாணர் காலக் கல்வெட்டுகளும் உள்ள ஊர் அது. தன் ஊர்ப் பையன் கதாநாயகனாகக் குதிரையில் போவதை வாரந்தோறும் படித்த வடாற்காட்டு வாசகர், அவன் சாகமாட்டான் என்பதையும் இளவரசர் அரசராவார் என்பதையும் முதல் வாரத்திலேயே அறிந்திருந்தார்.

கல்கி அந்த அறிவோடு சண்டை போடவில்லை. அதையே திரையாகப் பயன்படுத்தினார். வரலாற்றில் இராசராசனுக்கு முன்னால், 985 வரை, மதுராந்தகன் என்ற பெயருமுடைய உத்தம சோழன் ஆண்டார். மக்கள் விரும்பியும், தம் சிற்றப்பாவுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும்வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இதைப் படித்தவர்கள், கதையில் பல்லக்கில் மறைந்து திரிந்து ஆட்சிக்கு ஆசைப்படும் மதுராந்தகனுக்குத்தான் முடிசூட்டு நடக்கும் என்று உறுதியாகக் கணித்திருப்பார்கள். கல்கி முடியை மதுராந்தகனுக்கே சூட்டினார், வரலாறு பிசகவில்லை. ஆனால் உண்மையான மதுராந்தகன், பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன் என்று காட்டினார். என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வாசகர் கண்ட விடை சரி. யாருக்கு நடக்கும் என்பதில்தான் அவர் தவறினார். அதற்குரிய குறிப்புகளும் முன்னாலேயே இருந்தன என்பது திரும்பப் படிப்பவருக்குப் புலப்படும். பெரும் சத்தமில்லாமல் நடந்த இந்த மாற்றத்தைத் தமிழ்த் தொடர்கதை வரலாற்றின் மிகச் சிறந்த கைவேலைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். 2023-இல் வந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகம் இந்த ஆள் மாற்றத்தை விட்டுவிட்டு மதுராந்தகனுக்கே முடிசூட்டியது. நாவலை மனப்பாடமாக வைத்திருந்த வாசகர்களின் ஊகம் அப்போது இன்னொரு முறை பொய்த்தது.

அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் கல்கி வேறு விதமாக நடத்தினார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் நிலம் பறிக்கப்பட்டதைக் குறிக்கிறது. அவர்களுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்களே ஒருமனப்படவில்லை. கல்கி விளக்கை அணைத்து, அறையை இருளாக்கி, குத்தியவர் யார் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லாமலே விட்டார். தொடர் முடிந்தபின் எழுதிய முடிவுரையில் பாத்திரங்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகளை அவரே எடுத்துப் பேசினார். ஆனால் கொலை நடந்த அறைக்கு ஒளி தரவில்லை. வரலாறு உறுதியாகச் சொல்லாததைத் தாம் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்ற நேர்மையாகவே நான் இதைக் காண்கிறேன். கதையை முடித்த அதே 1954 டிசம்பரில் அவர் மறைந்தார். வேலூர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் நந்தினியா, பெரிய பழுவேட்டரையரா, ரவிதாசனா என்ற வழக்கு நடப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

ஊகத்துக்கு அஞ்சத் தேவையில்லை என்பதற்கு அண்மைக் காலச் சான்று வேண்டுமானால், கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றார் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். முதல் படம் 2015 ஜூலையிலும் இரண்டாம் படம் 2017 ஏப்ரலிலும் வந்தன. இடைப்பட்ட காலத்தில், அரியணைக்கு அடிமைப்பட்ட கட்டப்பா அரசியின் ஆணையால்தான் கொன்றிருப்பார் என்று பலரும் சரியாகவே சொன்னார்கள். விடை அதுதான். ஆனாலும் அந்த ஆணையை இடும் நிலைக்கு அரசி சிவகாமி எப்படித் தள்ளப்பட்டாள் என்பதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

தொலைக்காட்சியின் தினசரித் தொடர்களில் நிலைமை கடினமானது. அங்கே எழுதுகிறவர் சில வாரங்களே முன்னால் ஓடுகிறார். ஒரு நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டையோடு கதை நகர்ந்தாக வேண்டும். பார்ப்பவர் எண்ணிக்கை வாராவாரம் வந்து விழும். அந்த நெருக்கடியில் மக்கள் யாரை வெறுக்கிறார்களோ அவரை நல்லவராக்குவதும், யாரைச் சந்தேகிக்கிறார்களோ அவரை விடுவிப்பதும் அடிக்கடி நடக்கின்றன. அந்த எழுத்தாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்திருப்பவருக்கு இன்று மதிப்பில்லை என்று ஆகும்போது, பார்க்கிறவர்கள் நினைவில் வைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அவர்கள் ஊகிப்பதும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு அச்சுக்கு முந்தைய ஒரு விடையும் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை வேலூர், இராணிப்பேட்டை, செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள்கள் கதை நடக்கும். நாளுக்கொரு பகுதியாக வரும் அதுவும் ஒரு தொடர்கதைதான். திரைக்கு முன்னால் வரும் கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் அன்றிரவு என்ன நடக்கப்போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவான். அபிமன்யு வியூகத்துக்குள் போவான், திரும்ப மாட்டான் என்பது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததனால் ஒருவரும் எழுந்து போவதில்லை. அவன் தாயிடம் விடைபெறும் பாட்டிலேயே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அவனுக்குத் தெரியாத முடிவு இவர்களுக்குத் தெரியும். கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் படுக்க வைத்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளக்கிறான். திரௌபதி கூந்தலை முடிகிறாள். சின்னம்மா இதை எத்தனையோ ஆண்டுகள் பார்த்தவர். இருந்தும் நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று விடியுமுன் கிளம்பிவிடுவார்.

திண்ணைக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து வந்த அத்தியாயத்தில் கதாநாயகன் உயிரோடு திரும்பினான். தள்ளியது கணக்குப்பிள்ளைதான் என்று தெரிந்தது. முன்பே கண்டுபிடித்துவிட்டதால் சின்னம்மாவுக்கு இனி அதில் சுவை இருக்காது என்று நினைத்து நான் அடுத்த பக்கத்துச் சிறுகதைக்குப் போகப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பீடியைப் பாதியில் முறத்தில் வைத்துவிட்டு, “இரு இரு, அந்தப் பழைய புக்க எடுத்தாடா” என்றார். பரணில் நூல் கட்டி வைத்திருந்த கட்டைப் பிரித்து, அந்த வாரத்து இதழைத் தேடி எடுத்து வந்தேன். கணக்குப்பிள்ளை மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றி, கல்லுக்கு அடியில் பார்த்து வைத்துவிட்டு ஏறுகிற அந்த ஒரு வரியை, சுற்றியிருந்த எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்க, அன்று நான் மூன்று முறை படித்தேன்.